நிதானமான இருதயமும் நிதானமிழந்த மனமும்

நம் நாட்டில் தாமதம் என்பது ஒரு பெரிய குற்றமாக என்றுமே கருதப்பட்டதில்லை. ரயில் தாமதமானால் பிளாட்பாரத்தில் துண்டை விரித்து உட்கார்ந்து விடுகிறோம். கல்யாண வீட்டில் இலை போடத் தாமதமானால் பக்கத்தில் இருப்பவரோடு ஊர் வம்பு பேசிக் காலத்தைக் கழிக்கிறோம். சர்க்கார் காரியாலயத்தில் ஒரு கையெழுத்துக்கு ஆறு மாதம் ஆனால், "ஆறே மாதத்தில் முடிந்து விட்டதே!" என்று சந்தோஷப்படுகிறோம். ஆனால், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தாமதத்தை நம்மால் சகிக்க முடிவதில்லை. நமது இருதயம் சற்று நிதானமாகத் துடித்தால் போதும்; நமது நிதானம் பறந்து போய்விடுகிறது.

முன்னெல்லாம் இருதயத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள், அது படபடவென்று அடித்துக் கொள்வதைக் குறித்தே கவலைப்பட்டார்கள். இப்போது சில காலமாக வேறொரு கவலை படித்த குடும்பங்களில் பரவி வருகிறது. "என் நாடி நிமிஷத்துக்கு 52 தடவைதான் அடிக்கிறது. தூங்கும்போது இன்னும் குறைகிறது. ஒரு நாள் இரவு அடியோடு நின்றுவிட்டால்?" என்பதே அந்தக் கவலை.

இதைப் பரிகாசம் செய்வது நமது நோக்கமன்று. நடு இரவில், வீடெல்லாம் உறங்கும்போது, ஒருவர் மட்டும் இருட்டில் விழித்துக் கொண்டு தம் மணிக்கட்டைத் தாமே பிடித்துக் கொண்டிருப்பது பரிகாசத்துக்குரிய காட்சியல்ல. அவருடைய பயம் உண்மையான பயம். அந்தப் பயத்துக்குக் காரணமான எண் உண்மையில் என்ன சொல்லுகிறது, என்ன சொல்லவில்லை என்பதைச் சற்று சாவகாசமாக ஆராய்ந்து பார்ப்போம்.

கவலை வீட்டுக்குள் வந்த வழி

2020, 2021 ஆகிய வருஷங்களில் கொரோனா வியாதி உலகை ஆட்டி வைத்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது விரல் நுனியில் மாட்டிக் கொள்ளும் ஆக்ஸிமீட்டர் என்ற சிறு கருவியை அநேக குடும்பங்கள் வாங்கி வைத்தன. இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று அறிவதற்காக ஏற்பட்ட கருவி அது. அந்தச் சமயத்தில் அது செய்த உபகாரத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதில் இரண்டு எண்கள் தோன்றும். ஒன்று பிராணவாயுவின் அளவு. மற்றொன்று நாடித் துடிப்பு. வியாதியின் பயம் தணிந்த பிறகு முதல் எண்ணை எல்லோரும் மறந்து போனார்கள். சிலருடைய கண் மட்டும் இரண்டாவது எண்ணின்மேல் விழுந்து, அங்கேயே தங்கிவிட்டது.

இது போதாதென்று இப்போது கைக்கடிகாரங்களும் நாடி பார்க்க ஆரம்பித்து விட்டன. பழைய கடிகாரம் மணி காட்டியதோடு நிறுத்திக் கொண்டது. புதிய கடிகாரமோ, எஜமானர் தூங்கும்போதும் விழித்திருந்து அவருடைய இருதயத்தை எண்ணி, காலையில் கணக்கை ஒப்புவிக்கிறது. துடிப்பு ஓர் அளவுக்குக் கீழே போனால் உடனே அதிர்ந்து எச்சரிக்கவும் செய்கிறது.

இத்தகைய கடிகாரம் புகுந்த ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். குடும்பத் தலைவருக்கு வயது 45. தினந்தோறும் நடக்கிறார், மாடிப்படி ஏறுகிறார், மூச்சு வாங்குவதில்லை, மயக்கம் வந்ததில்லை. ஒரு நாள் காலையில், "இரவில் குறைந்தபட்சத் துடிப்பு 46" என்று கடிகாரம் அறிவிக்கிறது. அன்றிலிருந்து அவர் பத்திரிகையைப் பிரிக்குமுன் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பிட்ட பின் பார்க்கிறார். படுக்குமுன் பார்க்கிறார். படுத்தபின் ஆக்ஸிமீட்டரை மாட்டி, இரண்டு கணக்கும் ஒத்து வருகின்றனவா என்று தணிக்கை செய்கிறார்.

"இதோ பாருங்கள், காப்பி ஆறிப் போகிறது. அந்த எண் எங்கேயும் ஓடிப் போய்விடாது" என்கிறாள் மனைவி.

"அது ஓடினால் எனக்கென்ன கவலை? ஓடமாட்டேன் என்கிறதே என்பதுதானே கவலை!" என்கிறார் கணவர்.

ஹாஸ்யமாகச் சொன்னாலும் அவர் சிரிக்கவில்லை. அவள் சிரித்தாலும் அவளுக்கும் உள்ளூறப் பயந்தான்.

60 என்னும் வேலி

நாடியைக் கடிகாரம் வைத்து எண்ணும் பழக்கமே அவ்வளவு பழமையானதன்று. நமது சித்த வைத்தியர்கள் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து வாத, பித்த, ஐய நாடிகளின் நடையைப் பார்த்தார்கள். பறவையின் நடையா, ஆமையின் நடையா, பாம்பின் நடையா என்று தன்மையை ஆராய்ந்தார்களே தவிர, நிமிஷக் கணக்கு வைத்தவர்களல்லர். இங்கிலாந்தில் ஜான் பிளாயர் என்ற வைத்தியர், சரியாக ஒரு நிமிஷம் ஓடும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, நாடியை எண்ணுவது பற்றி 1707-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். எண்ணுவது வைத்தியத்தின் ஓர் அங்கமானது அதற்குப் பிறகுதான்.

இளைப்பாறியிருக்கும் வயது வந்த மனிதனுக்கு நிமிஷத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது வழக்கம் என்று வைத்திய நூல்கள் கூறுகின்றன. 60-க்குக் கீழே போனால் அதற்கு 'பிராடிகார்டியா' என்று ஒரு பெரிய பெயர். பெயர் பெரியதாக இருக்கவே, வியாதியும் பெரியதாகத்தான் இருக்க வேண்டுமென்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு 'மெதுவான இருதயம்' என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. அது வியாதியின் பெயரன்று, வர்ணனை. ஒருவரை 'உயரமானவர்' என்று சொல்வது போல.

மேலும், 60 என்பது வசதிக்காக மனிதர்கள் போட்ட வேலியே அன்றி, இயற்கை கட்டிய மதில் அல்ல. 2018-இல் அமெரிக்க இருதய வைத்திய சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி நூல், இந்த வேலியை 50-க்கு நகர்த்தி வைத்தது. நகர்த்தியதோடு நில்லாமல், வெறும் எண்ணை மட்டும் பார்த்து, "இதற்குக் கீழே போனால் சிகிச்சை வேண்டும்" என்று விதிப்பதற்கில்லை என்றும் கூறிற்று. துடிப்பு குறையும் நேரமும் தேகத்தில் தொந்தரவு தோன்றும் நேரமும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதே பார்க்க வேண்டிய விஷயம் என்பது அதன் முடிவு.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். இளைப்பாறும் நேரத்தில் தேகத்துக்கு நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தம் தேவை. ஒரு துடிப்புக்கு 70 மில்லி லிட்டர் வீதம் 70 தடவை இறைத்தாலும் ஏறக்குறைய அதே அளவு. 100 மில்லி லிட்டர் வீதம் 50 தடவை இறைத்தாலும் அதே அளவு. கிணற்றிலிருந்து சிறிய குடத்தில் பல தடவை மொண்டாலும், பெரிய குடத்தில் சில தடவை மொண்டாலும் தொட்டி நிறைந்து விடுகிறதல்லவா? பல காலம் ஓடியும் நீந்தியும் பழகியவர்களின் இருதயம் பெரிய குடம். அவர்களுக்கு இளைப்பாறும்போது நாடி 50-க்கும் 40-க்கும் இடையில் இருப்பது சகஜம். ஆரோக்கியமான வாலிபர்களுக்குத் தூக்கத்தில் 40-க்குச் சற்றுக் கீழே கூடப் போவதுண்டு.

கடிவாளம் பிடிக்கும் நரம்பு

இருதயத்தின் வலது மேல் அறையில் ஒரு சிறு கணு இருக்கிறது. ஸைனஸ் கணு என்று அதற்குப் பெயர். ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் என்ற இருவர் 1907-இல் அதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். இருதயத்துக்குத் தாளம் போடுவது அந்தக் கணுவே. யாரும் அடக்காமல் விட்டுவிட்டால் அது இளம் வயதில் நிமிஷத்துக்குச் சுமார் 100 தடவை தாளம் போடும். பிறருடைய இருதயத்தை மாற்றிப் பொருத்திக் கொண்டவர்களுக்கு, நரம்புத் தொடர்பு அறுந்து போயிருப்பதனால், இளைப்பாறும்போதும் நாடி ஏறக்குறைய அவ்வளவு வேகமாகவே ஓடுவதைக் காணலாம்.

அப்படியானால் நம்முடைய இருதயம் 70-லும் 60-லும் எப்படி நிற்கிறது? வேகஸ் என்னும் நரம்பு கடிவாளம் பிடித்து இழுப்பதனால்தான். நமது காதுக்கு அதன் பெயரில் வேகம் இருப்பதாகத் தோன்றும். செய்யும் காரியமோ வேகத்தைக் குறைப்பது! லத்தீன் பாஷையில் அதற்கு 'அலைந்து திரிவது' என்று பொருள். கழுத்து வழியாக இறங்கி இருதயம், நுரையீரல், வயிறு எல்லாவற்றையும் தொட்டுச் செல்வதால் வந்த பெயர். இந்த நரம்பைத் தூண்டினால் இருதயம் நிதானிக்கிறது என்று ஜெர்மனியில் வேபர் சகோதரர்கள் 1845-இல் காட்டினார்கள்.

அது எவ்விதம் நடக்கிறது என்பதைக் கண்டுபிடித்த கதை மிகவும் ஸ்வாரஸ்யமானது. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரில் ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி ஓரிரவு தூக்கத்தில் ஒரு பரிசோதனையைக் கனவு கண்டு, எழுந்து ஒரு காகிதத்தில் குறித்து வைத்தார். காலையில் பார்த்தால் தம் கையெழுத்து தமக்கே புரியவில்லை! அடுத்த இரவும் அதே கனவு வந்தது. இந்தத் தடவை அவர் காகிதத்தை நம்பவில்லை. நேரே பரிசோதனைச் சாலைக்குப் போய்விட்டார். ஒரு தவளையின் இருதயத்தில் வேகஸ் நரம்பைத் தூண்டி, அந்த இருதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து வேறொரு தவளையின் இருதயத்தில் விட்டார். நரம்பே இல்லாத அந்த இரண்டாவது இருதயமும் நிதானமாகத் துடித்தது. நரம்பு ஒரு ரசாயனப் பொருளைச் சுரந்தே இருதயத்தை அடக்குகிறது என்பது அதனால் ருசுவாயிற்று. 1921-இல் இதை வெளியிட்ட லோவிக்கு 1936-இல் நோபல் பரிசு, ஹென்றி டேல் என்பவருடன் சேர்ந்து, கிடைத்தது.

தூக்கத்தில் இந்த நரம்பின் பிடி இறுகுகிறது. ஓய்வில் இறுகுகிறது. மூச்சை வெளியே விடும்போது சற்று இறுகி, உள்ளே இழுக்கும்போது சற்றுத் தளர்கிறது. ஆகையால் மணிக்கட்டைத் தொட்டுக் கொண்டிருப்பவருக்கு, மூச்சு வாங்கும்போது துடிப்பு விரைந்தும், விடும்போது தாமதித்தும் வருவது தெரியும். இளம் வயதினருக்கு இது அதிகமாகவே இருக்கும். "தாளம் தப்புகிறதே!" என்று அவர்கள் பயந்து போவார்கள். தாளம் தப்பவில்லை, அதுதான் சரியான தாளம்.

கவலையின் கண்ணி

வேகமான துடிப்புக்குப் பயப்படுகிறவருக்கும் மெதுவான துடிப்புக்குப் பயப்படுகிறவருக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு.

பயம் வந்தவுடன் தேகத்தில் அட்ரினலின் சுரந்து இருதயம் விரைகிறது. ஆகவே, மெதுவான இருதயத்தைக் கண்டு பயப்படுகிறவர், எண்ணைப் பார்த்துத் திடுக்கிட்டவுடனே எண் 52-லிருந்து 75-க்கு ஏறிவிடுகிறது. "அப்பாடா!" என்று அவர் மூச்சு விடுகிறார். மனம் அமைதியடைகிறது. அமைதியடைந்தவுடன் வேகஸ் நரம்பு தன் வேலையைச் செய்கிறது. எண் மறுபடி 52-க்கு இறங்குகிறது. மறுபடியும் திடுக்கிடுகிறார்.

மற்றவர்களுக்கு அமைதி என்பது கவலையின் முடிவு. இவருக்கோ அமைதியே கவலையின் ஆரம்பமாகப் போய்விடுகிறது. ஓய்வைக் கண்டு பயம். தூக்கத்தைக் கண்டு பயம். தேகம் சௌக்கியமாக இருக்கிறது என்பதற்கான அடையாளத்தையே ஆபத்தின் அடையாளமாக எண்ணும்படி ஆகிறது. சிலர் தூங்காமல் இருப்பதற்காக இரவில் எழுந்து உலாவுகிறார்கள். சிலர் எண்ணை ஏற்றுவதற்காகக் காப்பிமேல் காப்பியாகக் குடிக்கிறார்கள். வேறு சிலர் இருதயத்துக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று தினசரி நடையை நிறுத்தி விடுகிறார்கள். ஆனால் நடப்பதுதான் அவர்களுடைய சந்தேகத்துக்கு நல்ல பதில்! ஆரோக்கியமான இருதயம் ஓய்வில் 50 அடித்தாலும், வேகமாக நடந்தவுடன் 90, 100 என்று தாராளமாக ஏறும். கோளாறுள்ள கணுவோ, தேவை வந்தபோதும் ஏற மறுக்கும். இதனால்தான் வைத்தியர்கள் சில சமயம் நோயாளியை நடக்கவிட்டுப் பரிசோதிக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இருதயத்தில் அவ்வப்போது ஒரு துடிப்பு காலத்துக்கு முன்னதாகவே வந்துவிடும். அதன்பின் ஒரு சிறு இடைவெளி. பிறகு ஒரு பலமான துடிப்பு. இது அநேகருக்கு உண்டு, பெரும்பாலும் தீங்கற்றது, கவலையும் தூக்கமின்மையும் சிலருக்கு இதை அதிகமாக்கும். முன்னதாக வரும் அந்தத் துடிப்பு பலவீனமாக இருப்பதனால் விரல் நுனி வரையில் எட்டாமல் போகலாம். விரலில் மாட்டிய கருவி எட்டியதை மட்டுமே எண்ணும். ஒன்று விட்டு ஒன்று இப்படி வந்தால், இருதயம் 72 தடவை துடித்திருக்கக் கருவி 36 என்று காட்டிவிடும்! இத்தகைய எண்ணைக் கண்டால் செய்ய வேண்டியது, இருதயம் நின்றுவிடப் போகிறதென்று நடுங்குவதல்ல, ஓர் இ.ஸி.ஜி. எடுத்துப் பார்ப்பதே.

உண்மையான ஆபத்து எது?

அப்படியானால் மெதுவான துடிப்பினால் ஆபத்தே கிடையாதா என்று கேட்கலாம். கிடையாதென்று நாம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் 'மனப் பிராந்தி' என்று தள்ளிவிடுவதும் பெரிய தவறு.

ஸ்வீடன் தேசத்தில் ஆர்னே லார்ஸன் என்பவருக்கு, இருதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குச் செல்லும் மின்சாரப் பாதை அடைபட்டுப் போயிற்று. ஒரு நாளில் இருபது முப்பது தடவை மயங்கி விழுந்தார். இவ்வித மயக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே டப்ளின் நகர வைத்தியர்களான ஆடம்ஸும் ஸ்டோக்ஸும் விவரித்திருந்தார்கள். ஆனால் உறுதியான பரிகாரம் இல்லாமலிருந்தது. லார்ஸனின் மனைவி விடவில்லை. இருதயத்தை மின்சாரத்தால் தூண்டும் கருவியைத் தேகத்துக்குள்ளேயே வைக்க வேண்டுமென்று வைத்தியர்களை வற்புறுத்தினார். 1958-ஆம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி, ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற என்ஜினீயர் செய்த கருவியை ஓகே ஸென்னிங் என்ற ரண வைத்தியர் லார்ஸனின் தேகத்துக்குள் வைத்துத் தைத்தார். உலகில் மனித தேகத்துக்குள் முழுவதும் வைக்கப்பட்ட முதல் பேஸ்மேக்கர் அதுவே. அந்த முதல் கருவி சில மணி நேரத்தில் நின்று போயிற்று, வேறொன்று வைத்தார்கள், பிறகு இன்னொன்று. மொத்தம் 26 கருவிகள்! 43-வது வயதில் சாகக் கிடந்த லார்ஸன், தமக்குக் கருவி செய்தவரையும் அதைப் பொருத்தியவரையும் விட அதிக காலம் ஜீவித்து, 2001-இல் தமது 86-வது வயதில் காலமானார். அதுவும் இருதய நோயினால் அல்ல, புற்றுநோயினால்.

லார்ஸனின் சரித்திரத்திலிருந்து இரண்டு விஷயங்கள் விளங்குகின்றன. ஒன்று, ஆபத்தான மெதுத் துடிப்பு பெரும்பாலும் எண்ணாக மட்டும் வருவதில்லை. தன் அடையாளங்களோடு வருகிறது. காரணமில்லாமல் மயங்கி விழுதல், கண் இருண்டு விழப் பார்த்தல், சிறிது நடந்தாலும் மூச்சு முட்டுதல், மார்பு வலி, திடீரென்று புத்தி குழம்புதல், முன்பு செய்த வேலையைச் செய்ய முடியாத களைப்பு — இவையே அந்த அடையாளங்கள். மயக்கமோ மார்பு வலியோ வந்தால் எண்ணிக் கொண்டிராமல் உடனே 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டாவது, உண்மையாகவே வியாதி இருந்தாலும் இன்று அதற்கு நல்ல பரிகாரம் இருக்கிறது. லார்ஸன் காலத்தில் அதிசயமாக இருந்த சிகிச்சை இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் அன்றாடக் காரியம்.

மின்சாரப் பாதையின் அடைப்பில் சில வகைகள், தொந்தரவு எதுவும் கொடுக்காத போதே கவனிக்கத் தக்கவை. அவற்றை மணிக்கட்டிலோ கடிகாரத்திலோ நிச்சயமாக அறிய முடியாது, இ.ஸி.ஜி. காட்டிக் கொடுக்கும். ஆகையால், நாடி அடிக்கடி 50-க்குக் கீழே இருப்பவர்கள் ஒரு தடவை வைத்தியரிடம் போய் இ.ஸி.ஜி. எடுத்துக் கொள்வது புத்திசாலித்தனம். தொந்தரவு வந்து வந்து போகிறதென்றால், ஒரு நாள் முழுவதும் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவியை மாட்டி அனுப்புவார்கள். நார்மன் ஹோல்ட்டர் என்ற அமெரிக்கர் ஆரம்பத்தில் செய்த கருவி, முதுகில் சுமந்து செல்ல வேண்டிய பெரிய மூட்டையாக இருந்தது. இன்று அது சட்டைப் பைக்குள் அடங்கி விடுகிறது.

வைத்தியரிடம் போகும்போது, சாப்பிடும் மருந்துகளையெல்லாம் எழுதி எடுத்துக் கொண்டு போக வேண்டும். அட்டெனலால், மெட்டப்ரோலால், பிரோப்ரனலால் என்று, வட நாட்டுக் கனவான்களின் பெயர்களைப் போல 'லால்' என்று முடியும் மாத்திரைகள் நாடியைக் குறைக்கக் கூடியவை. படபடப்புக்காகப் பிரோப்ரனலால் சாப்பிட ஆரம்பித்து, அதனால் நாடி குறைந்ததைக் கண்டு புதிதாகக் கவலைப்படுகிறவர்களும் உண்டு! கண் அழுத்தத்துக்காக விடும் டைமலால் சொட்டு மருந்துகூடச் சிலருக்கு இருதயத்தை எட்டிவிடும். "கண் மருந்துதானே" என்று சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. இத்தகைய மருந்துகளைத் தாமாகவே திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. வைத்தியர் சொல்லித்தான் மாற்ற வேண்டும். தைராய்டு சுரப்பியின் மந்தமும் நாடியைக் குறைக்கும். ஓர் இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு, நடுநடுவே மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு இரவில் துடிப்பு குறைவதுண்டு. அவர்கள் விஷயத்தில் கவனிக்க வேண்டியது மூச்சை.

எண்ணிய பிறகு என்ன செய்வது?

பரிசோதனைகள் முடிந்து, "உங்கள் இருதயம் நன்றாக இருக்கிறது" என்று வைத்தியர் சொல்லி விட்டார் என்று வைத்துக் கொள்வோம். கதை முடிந்ததா? இருதயத்தின் கதை முடிந்தது. கவலையின் கதை அநேகமாக முடிவதில்லை. வைத்தியர் சொன்ன ஆறுதல் இரண்டு வாரம் தாங்குகிறது. பிறகு, "அன்று சரியாகப் பார்த்தாரோ என்னவோ?" என்று ஒரு சந்தேகம். வேறொரு வைத்தியர், மறுபடியும் இ.ஸி.ஜி.; மறுபடியும் இரண்டு வாரத்து ஆறுதல்.

இங்கேதான் ஓர் உண்மையைத் தைரியமாக ஒப்புக் கொள்ள வேண்டும். இருதயத்துக்கு வியாதி இல்லாதபோதும் கவலை என்பது தனியாக ஒரு வியாதியாக இருக்கலாம். அதுவும் தேகத்தை வாட்டுகிறது, தூக்கத்தைக் கெடுக்கிறது, குடும்பத்தைக் கலக்குகிறது. அதற்கும் சிகிச்சை உண்டு. அதை நாடுவதில் வெட்கப்பட ஏதுமில்லை. பல் வலிக்குக் கண் வைத்தியரிடம் எத்தனை தடவை போனாலும் குணமாகாது. மனக் கவலைக்கு இருதய வைத்தியரிடம் போய்க் கொண்டே இருப்பதும் அப்படித்தான்.

வீட்டிலேயே செய்யக் கூடியவை சில உண்டு. முதலாவதாக, ஒரே வைத்தியரை நம்பி, "எந்த அடையாளம் கண்டால் நான் திரும்பி வரவேண்டும்? எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை நாடி பார்த்தால் போதும்?" என்று கேட்டு எழுதி வைத்துக் கொள்ள வேண்டும். அந்தச் சீட்டில் இல்லாததற்காக இரவில் பரிசோதனை செய்வதில்லை என்று ஓர் உறுதி. இரண்டாவதாக, ஆக்ஸிமீட்டரைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைக்க வேண்டும். கடிகாரத்தை இரவில் கழற்றிவிட வேண்டும். ஒரேயடியாக முடியாதென்றால், நாளைக்கு இருபது தடவை பார்ப்பவர் பத்தாகவும், பத்தை ஐந்தாகவும் குறைக்கலாம். முதல் சில நாட்கள் கை துறுதுறுக்கும், பயம் எழும்பும். எழும்பிய பயம், எண்ணிப் பார்க்காமலே தானாகத் தணிவதை ஒரு தடவை அனுபவித்து விட்டால், அடுத்த தடவை சுலபம். மூன்றாவதாக, வைத்தியர் தடை சொல்லாத வரையில் தினமும் நடக்க வேண்டும். எண்ணுவதற்காக அல்ல, நடப்பதற்காக.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. "உமக்கு ஒன்றுமில்லை, எல்லாம் பிரமை" என்று கோபிப்பதினால் பயம் போகாது. அவர் அதைச் சொல்லாமல் மறைக்கத் தொடங்குவார், அவ்வளவுதான். அதே சமயம், மணிக்கு ஒரு தடவை அவர் மணிக்கட்டை நீட்ட, நீங்களும் பிடித்துப் பார்த்து, "சரியாக இருக்கிறது" என்று ஆறுதல் சொல்லிக் கொண்டிருப்பதும் நல்லதல்ல. அதுவும் ஆக்ஸிமீட்டரைப் போல இன்னொரு கருவியாகிவிடும். "பயமாக இருக்கிறதா? வாருங்கள், சற்று உலாவிவிட்டு வரலாம்" என்று சொல்லும் மனைவியோ மகனோ அந்தச் சமயத்தில் பெரிய வைத்தியர்.

இவ்வளவு செய்தும், கவலை வாரக் கணக்கில் தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கிறதென்றால், மனநல வைத்தியரைக் காண்பதே முறை. எண்ணத்தையும் பழக்கத்தையும் படிப்படியாகத் திருத்திக் கொடுக்கும் பேச்சுச் சிகிச்சை இவ்விதக் கவலையில் நல்ல பலன் தருகிறது; தேவையானால் மருந்தும் கொடுப்பார்கள். உங்கள் நாடி மெதுவானது என்பதை அவரிடமும் சொல்லி வைப்பது நல்லது. வெளியே போகத் தயங்குகிறவர்களுக்காக இந்திய சர்க்கார் 2022-இல் டெலி மானஸ் என்ற டெலிபோன் உதவியை ஏற்படுத்தியிருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். சதா எண்களைப் பார்த்துக் கொண்டிருப்பவர்கள் இந்த ஓர் எண்ணைக் குறித்து வைத்துக் கொண்டால் பிரயோஜனமுண்டு.

நிமிஷத்துக்கு 50 வீதம் துடிக்கும் இருதயம் ஒரு நாளைக்கு 72,000 தடவை துடிக்கிறது. நாம் தாயின் வயிற்றில் இருந்த காலந்தொட்டு, ஒருவரும் எண்ணாமலே, ஒருவரும் நினைவூட்டாமலே அது தன் கடமையைச் செய்து வருகிறது. அதற்குக் கண்காணிப்பாளர் தேவையானால் அதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு தடவை முறையாகக் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்போம். பிறகு இரவுக் காவலை இருதயத்திடமே விட்டுவிட்டு விளக்கை அணைப்போம். வேலை செய்கிறவனின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்ப்பதினால் வேலை நன்றாக நடப்பதில்லை. பார்க்கிறவருக்குக் கழுத்து வலிதான் மிச்சம்.